வேண்டாப் பொருளும் வேண்டிய தொழிலும்

பெட்டியின் அடியில் மடித்துக் கிடக்கும் பழம்புடைவை ஒன்றை எடுத்து வாயிலில் வந்தவரிடம் கொடுத்துவிடுகிறோம். அன்றைக்கு ஒரு நற்செயல் செய்தோம் என்ற நிறைவு மனத்தில் எழுகிறது. அந்த நிறைவுக்கு உண்மையிலேயே இடமுண்டா? நமக்கு வேண்டாத பொருளைப் பிறருக்குக் கொடுத்தால் அது தானம் ஆகுமா? சிறிதாகத் தோன்றும் இவ்வினாவை ஆராயப் புகுந்தால் அது வெகுதூரம் இட்டுச் செல்கிறது. அங்ஙனம் சென்ற வழியை நம் சமூகத்து இல்லறத்தாரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை நம் வீட்டுச் சிறுவர்களும் ஒப்பிப்பர். பழந்துணி இந்நான்கில் எதனுள் அடங்கும் என்று கேட்டால் பெரியவர்களும் சற்றே தயங்குவர். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் தானத்துக்கு இலக்கணம் வகுக்கும்போது இரண்டு கருத்துகளை வைக்கிறார். பயன் விளையும் பொருட்டுத் தன்னுடையதைத் துறந்து கொடுப்பதே தானம் என்பது ஒன்று. கொடுக்கும் முறை, கொடுக்கப்படும் பொருள், கொடுப்போர், கொள்வோர் ஆகிய நான்கின் தகுதியால் தானத்தின் தகுதி ஏறவும் இறங்கவும் செய்யும் என்பது மற்றொன்று. இங்குத் 'தன்னுடையது' என்ற சொல்லைச் சற்று உன்னிப் பார்த்தல் வேண்டும். கிழிந்த புடைவையை நாம் மனத்தளவில் என்றோ கைவிட்டுவிட்டோம். அது பெட்டியில் இருந்ததே தவிர நம்முடையதாக இல்லை. கைவிட்டதைக் கொடுப்பது கழித்தல் ஆகலாம். துறத்தல் ஆவது எங்ஙனம்?

இதற்கு மறுப்பு உண்டு. கொடுப்பவரின் மனத்தை மட்டுமே அளந்துகொண்டிருந்தால் கொள்பவர் குளிரில் நடுங்குவதை யார் பார்ப்பது? தானம் கொள்பவருக்கும் நன்மை தருவதன்றோ? நியாயமான மறுப்புத்தான். கொடுப்போர் மனத்தையும் கொள்வோர் பயனையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போதுதான் இவ்வினாவின் முழு வடிவம் தெரியவருகிறது.

பகவான் ஆதிநாதரின் வரலாற்றை இவ்விடத்து நினைத்தல் தகும். தீக்கை பெற்று ஆறு திங்கள் யோகத்தில் நின்ற பகவான், பின்னர் ஆகாரம் ஏற்கப் புறப்பட்டார். வழியெங்கும் மக்கள் அன்போடு எதிர்கொண்டனர். பொன்னும் மணியும் கொணர்ந்தனர், யானையும் குதிரையும் கொணர்ந்தனர், ஆடையணிகளும் கொணர்ந்தனர், தம் பெண்மக்களையே அளிக்க முன்வந்தாரும் உளர். ஒருவரும் உணவு கொடுக்கவில்லை. அன்பு குறைவாயிருந்ததாலா? இல்லை. எதிரில் நிற்பவருக்கு எது ஏற்கும் என்பதை அவர்கள் அறிந்திலர். பல திங்கள் கழிந்த பின், அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் முற்பிறவி நினைவால் முறையறிந்து கருப்பஞ்சாற்றை அளித்தான். அந்நாளையே அட்சய திருதியையாகக் கொண்டாடுகிறோம். தான மரபு இவ்வுலகில் தொடங்கிய நாள் என்று அதனைப் போற்றுகிறோம். மக்கள் கொடுக்கத் தெரியாமல் கொடுத்த அத்தனை நாள்களையும் மறந்துவிடுகிறோம்.

2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியபோது அவ்வரலாறு கண்ணெதிரே மீண்டும் நிகழ்ந்தது. நாகப்பட்டினம் முதலிய இடங்களுக்கு நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழந்துணிகள் வந்து குவிந்தன. கிழிந்தவை, அழுக்கானவை, அவ்வூர் வெப்பத்துக்கு ஒவ்வாத கம்பளிகள், மீனவப் பெண்டிர் உடுத்தவே உடுத்தாத ஆடைகள் எல்லாம் சாலையோரங்களில் மலைபோல் கிடந்தன. கடலில் உற்றாரை இழந்து நின்ற மக்கள், பிறர் கழித்தவற்றைப் பொறுக்கி உடுத்த மறுத்தனர். அவர்தம் மறுப்பை நன்றியின்மை என்று சிலர் பேசியதும் உண்டு. நமக்கோ அது மானமாகவே பட்டது. அக்குவியல்களைத் தரம் பிரித்துப் பயன்படுத்தும் பணியைக் 'கூஞ்ச்' என்னும் தொண்டு நிறுவனம் மேற்கொண்டது. கூஞ்ச் என்றால் எதிரொலி என்று பொருள். 1999இல் தில்லியில் அன்ஷு குப்தா என்பார் இதனைத் தொடங்கினார். 2015இல் மகசேசே விருது பெற்றார். பழந்துணியைச் சும்மா கொடுப்பதில்லை என்பதே இந்நிறுவனத்தின் கொள்கை. சிற்றூர் மக்கள் தங்கள் ஊருக்கு வேண்டிய கிணற்றையோ பாதையையோ மூங்கில் பாலத்தையோ தாங்களே கூடி அமைப்பர். அவ்வுழைப்புக்குப் பரிசாகத் துணிகள் அளிக்கப்பெறும். உடுத்தத் தகாத பருத்தித் துணிகளையும் வீணாக்காது, தூய்மை செய்து மகளிர்க்கான மாதவிலக்குத் துணிகளாக்குவர். ஈண்டுப் பொருள் பழையதே, முறை வேறு. உமாசுவாமிகள் முறையை முதலில் வைத்ததன் காரணம் விளங்குகிறதல்லவா?

முறையென்ற ஒன்றைப் பற்றிக்கொண்டு இன்னும் சற்றுப் பின்னே செல்வோம். பகவான் துறவு பூணுமுன், அரசாண்ட காலத்தில் கற்பகத் தருக்கள் அருகின. கேட்டதெல்லாம் கிடைத்த போகபூமி முடிந்து கருமபூமி தொடங்கிற்று. பசித்த மக்கள் அவரிடம் வந்து முறையிட்டனர். அவரோ களஞ்சியத்தைத் திறந்து விடுவதோடு நில்லாமல் வாள், எழுத்து, உழவு, கலை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்தார் என்று மகாபுராணம் கூறுகிறது. பசிக்கு விடையாகத் தொழிலை அளித்தது நம் முதல் தீர்த்தங்கரர் காட்டிய நெறி. தொழிற்பயிற்சி என்பது மேனாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க. ஆனால் இங்கு ஒரு வியப்பும் உண்டு. ஆறு தொழிலும் கற்ற அதே மக்கள்தாம் பின்னாளில் பகவானுக்கு உணவளிக்கத் தெரியாமல் யானையைக் கொண்டுவந்து நிறுத்தினர். பொருள் ஈட்டும் கல்வி வேறு, பொருளைக் கொடுக்கும் கல்வி வேறு போலும்!

இவ்விரு கல்வியையும் ஒன்றாக இணைத்துப் பார்த்த ஒருவர் அமெரிக்க நாட்டில் இருந்தார். எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் கிறித்தவ குருமார் அவர். பாஸ்டன் நகரின் தென்பகுதியில், வேற்று நாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழைகள் வாழ்ந்த இடத்தில், மார்கன் சேப்பல் என்னும் சிறு கோயிலில் பணியாற்றினார். 1902ஆம் ஆண்டு அவர் ஒரு முயற்சியைத் தொடங்கினார். செல்வர் வாழும் தெருக்களுக்குச் சென்று பழைய துணி, காலணி, நாற்காலி ஆகியவற்றைச் சாக்குகளில் திரட்டினார். வேலையற்ற ஏழைகளை அமர்த்தி அவற்றைத் தைக்கவும் செப்பனிடவும் செய்தார். செப்பனிட்டவை குறைந்த விலைக்கு விற்கப்பட்டன; செப்பனிட்டோருக்குக் கூலியாகவும் அளிக்கப்பட்டன. இதுவே பின்னர் 'குட்வில்', அதாவது நல்லெண்ணம், என்ற பெயரில் பெருகிற்று. இன்று அந்நாட்டிலும் கனடாவிலும் ஏறக்குறைய நூற்றைம்பது வட்டார அமைப்புகளும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளும் அதற்கு உண்டு.

அக்கடைகள் நடக்கும் விதத்தைச் சற்று விரித்துச் சொல்வது பயன்தரும். மக்கள் தாமே கொணர்ந்து கொடுக்கும் பொருள்கள் ஒரு கூடத்தில் தரம் பிரிக்கப்படுகின்றன. நல்லவை விலைச்சீட்டு ஒட்டப்பட்டுக் கடைக்குச் செல்லும். சில வாரங்களில் விலைபோகாதவை எடைக்கணக்கில் விற்கும் இடத்துக்குப் போகும். அங்கும் எஞ்சியவை மொத்தமாகக் கந்தல் வணிகருக்கு விற்கப்படும். கடை வருவாயைக் கொண்டு உடற்குறையுடையோர், சிறையிலிருந்து மீண்டோர், பள்ளிப்படிப்பை இடையில் விட்டோர், நெடுநாள் வேலையின்றி இருந்தோர் ஆகியோருக்குக் கணினி முதல் சரக்குக் கிடங்கு வேலை வரை பல பயிற்சிகள் அளிக்கின்றனர். வேலைக்கு விண்ணப்பம் எழுதவும், நேர்முகத்தில் பேசவும் பழக்குகின்றனர். தரம் பிரிக்கும் கூடமே பலருக்கு முதல் பயிற்சிக்கூடம். காலந்தவறாது வருதல், எண்ணிக் கணக்கு எழுதுதல், வாடிக்கையாளரிடம் இன்முகம் காட்டுதல் ஆகிய மூன்றும் எந்த வேலைக்கும் அடிப்படையல்லவா? வகுப்பறையில் இருந்தோருக்கு இதன் அருமை தெரியும். கரும்பலகையில் பத்து முறை எழுதிப் போட்டாலும் பதியாதது ஒருநாள் கைப்பழக்கத்தில் பதிந்துவிடும்.

கொடையாகப் பெற்றதை விற்பது முறையோ என்று நம்மவர் சிலர் கேட்கக்கூடும். இலவசமாகப் பெற்றதை இலவசமாகக் கொடுத்துவிட்டால் என்ன என்பது அவர்கள் எண்ணம். விலை என்பது ஏழையைத் துன்புறுத்துவதற்கென்றே பிறந்தது என்று கருதுவது தவறு. பத்து ரூபாய் கொடுத்து ஒரு சட்டையை வாங்கும் தொழிலாளி, நிறம் பார்க்கலாம், அளவு பார்க்கலாம், பிடிக்கவில்லை என்று திருப்பி வைத்துவிட்டு வெளியேறலாம். இலவசமாக நீட்டப்படும் சட்டையை அவன் அப்படி மறுக்க முடியுமா? வள்ளுவப் பெருந்தகை ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு நில்லாமல், இரத்தலுக்கு அஞ்சும் அச்சத்துக்கும் தனியே ஓர் அதிகாரம் வைத்தார். ஈகைக்கு முன்னர் ஒப்புரவை வைத்தார். கொடுப்பவன் கை உயர்ந்தும் கொள்பவன் கை தாழ்ந்தும் இராத நிலையொன்றை அவர் தேடினார் போலத் தோன்றுகிறது. சிறுவிலை அந்நிலைக்கு ஒருவாறு துணைசெய்கிறது.

கொடையைச் செலவழித்துவிடாமல் முதலாக்கி, அதன் பயனால் அறத்தை நடத்துவது நமக்குப் புதிதுமன்று. நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, பழனிக்கு அருகில், ஐவர்மலை இருக்கிறது. பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாக அமைந்த திருத்தலம் அது. வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று அங்குண்டு. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், பார்சுவ பட்டாரகரின் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, வழிபாடு தடையின்றி நடக்கவும் அடிகள் ஒருவருக்கு நாள்தோறும் உணவளிக்கவும் ஐந்நூற்றைந்து காணம் பொன் வைத்தார் என்று அது தெரிவிக்கிறது. ஐந்நூற்றைந்து காணத்துக்கும் ஒரே நாளில் சோறாக்கிப் போட்டிருந்தால் ஊரே உண்டிருக்கும். மறுநாள் அடிகள் பட்டினி கிடந்திருப்பார். தடையற நடக்க வேண்டும் என்பதே அந்தப் பெரியவரின் கவலை. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் மாவட்டத்துப் பாறையில் எழுதிய இந்தக் கவலையே பாஸ்டன் நகரத்துக் கடைக்கும் அடிப்படை.

இதுவரை அக்கடைகளின் நன்மையையே பேசினோம். நம் அறநெறிக்கு இடர்ப்பாடாகும் செய்திகளும் உண்டு. மறைப்பது நன்றன்று.

முதலாவது, மிகுபொருள். பழையதைக் கொடுக்க ஓரிடம் இருக்கிறது என்ற துணிவே புதியதை வாங்கத் தூண்டுகிறது. மேனாடுகளில் கழிக்கப்படும் கம்பளியாடைகளின் பெருங்குவியல்கள் கப்பலேறி நம் நாட்டுக்கு வருகின்றன. அரியானாவிலுள்ள பானிப்பட்டு நகரில் அவற்றைக் கிழித்து, நூலாக்கி, மலிவான போர்வைகள் நெய்கின்றனர். தருமக் கடைகளில் விலைபோகாத துணிகளும் வணிகர் கைமாறி இவ்வழியே வந்து சேர்வதுண்டு. அங்கே கொடை என்று தொடங்கியது, இங்கே தூசி பறக்கும் கொட்டகையில் பெண்கள் பித்தான் அறுக்கும் வேலையாக முடிகிறது. நம் அணுவிரதங்கள் ஐந்தில் இறுதியாக நிற்பது பொருளுக்கு அளவு வகுத்துக்கொள்ளும் விரதம். இத்தனை ஆடை, இத்தனை கலம் என்று வரையறுத்துக்கொண்டு, மிஞ்சியதைக் கொடுப்பதே அவ்விரதத்தின் கருத்து. கொடுத்த இடம் வெற்றிடமாயிற்றே என்று மீண்டும் நிரப்புவது விரதம் ஆகாது. நம் வீட்டுத் திருமணங்களில் எடுக்கப்படும் புடைவைகளின் எண்ணிக்கையை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

பழந்துணிக்குப் பாத்திரம் என்று தெருவில் கூவி வரும் வணிகரை நாம் அனைவரும் அறிவோம். சரிகைப் புடைவைக்கு ஓர் எவர்சில்வர் குடம், பருத்திக்கு ஒரு கிண்ணம் என்று பேரம் நடக்கும். அதனை யாரும் தானம் என்று சொல்லிக்கொள்வதில்லை. அவ்வணிகம் அவ்வகையில் நேர்மையானது.

இரண்டாவது இடர்ப்பாடு பெரிது. பயிற்சி என்ற பெயரால் உழைப்பைச் சுரண்டுதல். அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் ஊதியச் சட்டத்தில், உடற்குறையுடையோருக்குச் சிறப்பு அனுமதி பெற்றுக் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுக்க இடமளிக்கும் ஒரு பிரிவு உண்டு. குட்வில்லின் வட்டார அமைப்புகள் சில அப்பிரிவைப் பயன்படுத்தி மிகச் சொற்பக் கூலி கொடுத்தன என்றும், அதே வேளையில் மேலாளர் சிலர் பெருஞ்சம்பளம் பெற்றனர் என்றும் 2013இல் செய்திகள் வெளிவந்தன. கண்டனம் எழுந்தது. வேலையே கிடைக்காதவருக்கு ஏதோ ஒரு வேலை கிடைக்கிறதே என்பது அமைப்பினர் சொன்ன விடை. இவ்விடையைக் கேட்கும்போது நமக்கு நம் ஊர்ப்புறமே நினைவுக்கு வருகிறது.

திருப்பூர், கோவை, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்ற ஒன்று நெடுநாள் நடந்ததைப் படித்தவர் அறிவர். ஏழை வீட்டுக் கன்னிப்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்குவர். முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை தருவதாகச் சொல்வர். அப்பெண்களைத் தொழிலாளர் என்று எழுதாமல் பயிலுநர் என்று எழுதிக்கொள்வர். பயிலுநருக்குக் கூலி குறைவு, உரிமை குறைவு. மூன்றாண்டு முடியுமுன் உடல்நலம் கெட்டு வீடு திரும்பியவர்கள் தொகையை இழந்ததும் உண்டு. பருத்தித் தூசியில் மூன்றாண்டு நின்ற அந்தப் பெண் எத்தொழிலைக் கற்றாள்? அறுந்த நூலை முடிவதொன்றே. மாணாக்கர் என்ற புனிதச் சொல்லை இங்ஙனம் கூலியைக் குறைக்கப் பயன்படுத்துவதைவிட ஆசிரியர் குலத்துக்குப் பெரிய இழுக்கு வேறில்லை.

பயிற்சியையும் சுரண்டலையும் எதைக் கொண்டு பிரித்தறிவது? இவ்வினாவை நம் நாட்டுக் கல்வியாளர் முன்னரே எதிர்கொண்டனர். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தபோது, மாணவர் செய்யும் கைத்தொழிற் பொருள்களின் விற்பனையால் பள்ளிச் செலவு பெருமளவு ஈடுசெய்யப்பட வேண்டும் என்றார். பள்ளி ஆலையாகிவிடும், பிள்ளைகள் கூலிகளாகிவிடுவர் என்று பலர் எதிர்த்தனர். திட்டத்தை வகுத்த ஜாகிர் உசேன் குழுவினரும் தம் அறிக்கையில், வருவாயில் கண்வைத்துக் கல்வியை மறக்கும் ஆபத்து உண்டென்று எச்சரித்தனர். ஆதாரப் பயிற்சிப் பள்ளிகளில் பயின்ற மூத்த ஆசிரியர்கள் இதனை நன்கு அறிவர். தக்ளியில் மாணவன் எத்தனை கெசம் நூற்றான் என்பதைக் குறிப்பேட்டில் எழுதுவோம். நூற்பதற்குள் அவன் என்ன கற்றான் என்பதை எழுதுவோமா? எழுதுவோர் ஆசிரியர், எழுதாதோர் மேஸ்திரி. கடைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஓராண்டு அங்கே உழைத்தவர் அதைவிட நல்ல வேலைக்குத் தகுதி பெற்று வெளியேறினாரா, அன்றிப் பத்தாண்டு கழிந்தும் அதே மேசையில் அதே துணியை மடித்துக்கொண்டிருக்கிறாரா என்று கேட்டல் வேண்டும். அங்கேயே இருப்பதாயின் முழுக்கூலி பெறுகிறாரா என்று கேட்டல் வேண்டும். கடை அவருக்காகவா, அவர் கடைக்காகவா என்பது அப்போது தெரிந்துவிடும்.

மூன்றாவதாக, எந்தத் தொழிலைக் கற்பிப்பது என்ற வினா. நம் ஊர்ப் பூட்டைப் பாருங்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். மாங்காய்ப் பூட்டு முதலியவற்றைக் கையால் அராவிச் செய்யும் கம்மியரின் திறத்துக்கு இணையில்லை. ஆயினும் அலிகாரிலிருந்து வரும் மலிவான இயந்திரப் பூட்டுகளின் முன் அத்தொழில் மெலிந்து, கம்மியர் தொகை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிவிட்டது. இவர்களுக்குக் குறைவுபட்டது பயிற்சியன்று. பயிற்சி இவர்கள் விரல் நுனியில் இருக்கிறது. வாங்குவோர் இல்லை. தையற்பொறியொன்றைக் கொடுத்து ஆறு திங்கள் பயிற்சியும் கொடுத்து, புகைப்படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணும் சங்கங்கள் இந்தக் கம்மியர் தெருவில் ஒருநாள் நடந்து வருவது நல்லது.

வாங்குவோரையும் சேர்த்தே எண்ணிய முயற்சிகள் நம் அருகிலேயே உண்டு. சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் காந்திகிராமத்தை நிறுவினர். செல்வக்குடியில் பிறந்து, இளமையில் கணவரை இழந்து, பின் மருத்துவம் பயின்றவர் அம்மையார். ஆதரவற்ற பெண்டிரையும் குழந்தைகளையும் காக்கும் இல்லங்களோடு, கதர், கிராமத் தொழில், சித்த ஆயுர்வேத மருந்துகள் ஆகியவற்றை ஆக்கி விற்கும் அமைப்புகளையும் காந்திகிராமம் வளர்த்தது. அடைக்கலமும் தொழிலும் அங்காடியும் ஒரே வளாகத்தில் நின்றன. ஒன்றில்லாமல் மற்றொன்று நில்லாது என்று உணர்ந்தோர் செய்த ஏற்பாடு அது. தமிழகச் சிறைத்துறை நடத்தும் சிறை அங்காடிகளும் இவ்வகையினவே. சிறைவாசிகள் செய்த தின்பண்டமும் துணியும் அங்கே பொதுமக்களுக்கு விற்கப்படுகின்றன. அங்கு வாங்கத் தயங்குவோர் அஞ்சன சோரன் கதையைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்வது எதற்காக என்று நமக்கு விளங்கவில்லை. திருடனாயிருந்தவன் ஐயமின்மைக்கே எடுத்துக்காட்டாகி முத்தி பெற்றான் என்று நாம் கூறுகிறோம். நெறியினின்று வழுவியவரை மீண்டும் நிலைநிறுத்துதல் நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்று. தவநெறியில் வழுவினோரைக் குறித்தே அது சொல்லப்பட்டது என்பர். சிறை மீண்டவனுக்கு ஒருவரும் வேலை தராதபோது அவன் மீண்டும் களவுக்கே திரும்புகிறான். தொழில் தந்து அவனைத் தடுப்பதும், அவன் களவாடவிருந்த வீட்டாருக்கு அபயம் அளிப்பதும் ஒருசேர நிகழ்கின்றன. நால்வகைத் தானத்துள் பழந்துணிக்கு இடம் எங்கே என்று தொடக்கத்தில் தேடினோம். துணியாக நின்றால் அதற்கு இடமில்லை. தொழிலாக மாறினால் சாத்திர தானத்தின் பக்கத்திலும் அபய தானத்தின் பக்கத்திலும் அதனை வைக்கலாம் என்பது நம் கருத்து. ஆன்றோர் வேறு கூறுவராயின் கேட்க ஆவலுடையோம்.

இனி ஒரு சிக்கல், நமக்கே உரியது. இத்தகைய கடையொன்றை நம் சமூகத்தார் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். கொடையாக வருவனவற்றுள் தோற்செருப்பும் தோற்பையும் பட்டுப்புடைவையும் கட்டாயம் இருக்கும். திண்டுக்கல்லோ தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன ஊர். தோற்பொருளை விற்றுக் கிடைக்கும் பணத்தால் ஓர் ஏழைக்குத் தொழில் கற்பிக்கலாமா? அவ்வுயிர் என்றோ போயிற்று, நாம் கொல்லவில்லை, கொல்விக்கவுமில்லை, குப்பையில் போவதைத் தடுக்கிறோம், புதிய தோலுக்குத் தேவையைக்கூடக் குறைக்கிறோம் என்று ஒரு சாரார் வாதிடலாம். வாதத்தில் வலிமை உண்டு. ஆனால் செய்தல், செய்வித்தல், உடன்படல் என்று மூன்றையும் நம் ஆகமங்கள் எண்ணுகின்றன. பளபளப்பாக்கி, விலைச்சீட்டு ஒட்டி, நம் கடையில் அழகாக அடுக்கி வைப்பது உடன்படல் ஆகாதா? வாங்குபவர் கண்ணில் அப்பொருள் விரும்பத்தக்கதாக ஆகிறதே. தோலை ஏற்பதில்லை என்று வாயிலிலேயே எழுதிவைத்துவிடுவது நேரிது என்பது எம் துணிபு. அதனால் வருவாய் குறைந்தால் குறையட்டும்.

பட்டைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல நம்மால் இயலவில்லை. பட்டுப்பூச்சிகளைக் கொதிநீரில் இட்டே அந்நூல் எடுக்கப்படுகிறது என்பதை அறியாதார் இல்லை. இருந்தும் நம் இல்லத் திருமணங்களில் மணமகள் பட்டே உடுத்துகிறாள். சில இடங்களில் பூசைக்கும் பட்டே. நம் உடம்பில் உடுத்துவதைக் கடையில் விற்கமாட்டோம் என்று சொன்னால் உலகம் நகைக்கும். முதலில் உடுத்துவதை நிறுத்திவிட்டு, இருக்கும் பட்டுகளையெல்லாம் விற்றுப் பயிற்சிக்குச் செலவிடலாம் என்று ஓர் இளைய ஆசிரியை சொன்னார். விற்றால் வேறொருத்தி உடுத்துவாளே என்று மற்றொருவர் மறுத்தார். சரிகையை உருக்கி வெள்ளியாக்கி அந்தப் பணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார் மூன்றாமவர். அவரவர் வீட்டுப் பீரோவைத் திறந்து நின்று முடிவு செய்யவேண்டிய செய்தி இது. இதழின் வாசகர்கள் தம் எண்ணத்தை எழுதலாம்.

தொடங்குவதற்குப் பெருங்கடை வேண்டியதில்லை. கோயிலையடுத்த ஓர் அறை, இரண்டு தையற்பொறிகள், ஒரு கணக்குப் புத்தகம் போதும். துணி கொடுப்பவர் துவைத்துத் தேய்த்துப் பித்தான் தைத்துக் கொடுக்கவேண்டும் என்ற ஒரு விதி வேண்டும். அவ்வுழைப்பில்தான் கைவிட்ட பொருள் மீண்டும் நம்முடையதாகிப் பின் துறக்கப்படுகிறது. வேலைக்கு வருபவர்க்கு முதல் நாளிலிருந்தே அரசு வகுத்த குறைந்தபட்சக் கூலி. ஓராண்டுக்குள் அவரை வேறு நல்ல வேலையில் அமர்த்தும் பொறுப்பு, வணிகம் செய்யும் நம் குடும்பங்களுள் ஒன்றினுடையது. கடை நடத்தும் குழுவில் கொடுப்போர் மட்டும் அமராமல், அங்கே உழைப்போருள் இருவரும் அமரவேண்டும். கணக்கை ஆண்டுதோறும் மகாவீரர் பிறந்தநாளன்று கோயில் வாயிலில் ஒட்டிவிட வேண்டும். எத்தனை கிலோ துணி வந்தது என்பதை அதில் கீழே எழுதலாம். எத்தனை பேர் கடையைவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள் என்பதை மேலே எழுதுக.